நல்லவனுக்கு மட்டும்தானா உதவித்தொகை?

கென் லோச் இயக்கிய ‘ஐ, டேனியல் பிளேக்’ 2016இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. நியூகாசிலில் 59 வயதுத் தச்சர் ஒருவர். மாரடைப்புக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்கிறார் மருத்துவர். போகலாம் என்கிறது அரசு மதிப்பீடு. கடைசியில் வேலையற்றோருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார். அதற்கு வாரம் 35 மணி நேரம் வேலை தேடியதாகக் காட்ட வேண்டும்.

உணவு வங்கியில் கேட்டி தகர டப்பாவைப் பிரித்துத் தின்னும் காட்சியைத்தான் எல்லாரும் பேசுறாங்க. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். டேனியல் நடையாய் நடந்து கொடுத்த விவரத்தாளைப் பார்த்து ஒரு முதலாளி நிஜமாகவே வேலைக்குக் கூப்பிடுகிறார். மறுப்பதைத் தவிர வழியில்லை. கோபத்தில் அவர் திட்டும் திட்டையும் டேனியல் வாங்கிக்கொள்கிறார். நேர்மையான மனிதனைக் கட்டாய வேலைதேடல் எப்படிப் பொய்யனாக்குகிறது என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

இதை ஷா ஆலமில் உட்கார்ந்து பார்க்கும்போது கேள்வி கொஞ்சம் திரும்புகிறது. நம்மிடமும் பெர்கேசோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் இருக்கிறது. மசோதாவில் முதலில் ஆளுக்கு 0.5 விழுக்காடு என்று இருந்த சந்தா, முதலாளிகளின் எதிர்ப்புக்குப் பிறகு 0.2 ஆனது. 2,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு முதல் மாதம் 80 விழுக்காடு, அதாவது 1,600 ரிங்கிட். இரண்டாம் மாதம் 1,000. அடுத்த இரண்டு மாதங்கள் 800. ஆறு மாதம் கிடைத்தால் கடைசி இரண்டும் 600. வேலை தேடுவதற்கான ஆதாரமும் காட்டணும். அங்கே தண்டனை செய்வதை இங்கே படிக்கட்டு செய்கிறது. ஒவ்வொரு படியும் ‘சீக்கிரம் ஏதாவது ஒன்றைப் பிடி’ என்கிறது.

ஆனால் அந்தப் படிக்கட்டில் கால் வைக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தவருக்கு இல்லை. சொந்தத் தொழில் செய்பவருக்கும் இல்லை. ஜாகா வேலை, துப்புரவு, கிராப் ஓட்டம் என்று வாழும் நம்ம ஆளுங்க எத்தனை பேர் இந்த வரிகளுக்குள் அடங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டேனியலுக்காவது சண்டை போட ஒரு கவுண்டர் இருந்தது.

படத்தின் பலவீனமும் இங்கேதான். டேனியல் அப்பழுக்கில்லாதவர். உழைப்பாளி, அண்டை வீட்டாருக்கு உதவுபவர், நோயாளி. அவருக்காக அழுவது சுலபம். குடிக்கிறவன், முதலாளியை எதிர்த்துப் பேசி வேலையை விட்டவன், இரண்டு மாதம் சும்மா இருக்க நினைப்பவன் என்றால் நாம் அழுவோமா? ‘சோம்பேறிப் பய’ என்று முதலில் சொல்வது நம் வீட்டுக்குள்ளேதான். சம்பளத்தில் பிடித்த காசுக்கு நல்லொழுக்கச் சான்றிதழ் எதற்கு?

சுங்கை ரெங்கம் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த நகரம் ஷா ஆலம். தோட்டத்தை இழந்த கதையை நாம் நிறைய எழுதிவிட்டோம். அந்தத் தோட்டக்காரரின் பேரன் இன்று தொழிற்சாலை ஒப்பந்தம் முடிந்து, கைப்பேசியில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறான். அவனை யாராவது எழுதுங்கள். தியாகியாக்காமல் எழுதுங்கள்.