கூட்டுக் களஆய்வில் மறையும் மாணவர் குரல்: சித்திரைத் திருவிழாவை முன்வைத்து

முன்னுரை

பெருந்திரள் கூடும் திருவிழாவைத் தனியோர் ஆய்வாளரால் முழுமையாகக் காண இயலாது. கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் வேளையில் முடிகாணிக்கை செலுத்துவோர், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவோர், திரியெடுத்து ஆடுவோர், வர்ணிப்புப் பாடுவோர் எனப் பலரும் ஒரே நேரத்தில் இயங்குகின்றனர். இதனால் பேராசிரியர்களும் மாணவர்களும் குழுவாகச் சென்று தரவு திரட்டுவது தேவையாகிறது. அத்தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. பலர் கண்டதை ஒரே குரலாக்கும் அறிக்கை முறையையே விமர்சிக்கிறது.

வினாநிரலின் ஆதிக்கம்

முதுகலை மாணவியாக நான் பங்கேற்ற களஆய்வின் வினாநிரலில், தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு அழகர் வரும் கதையை அறிவீர்களா என்பதே முதல் வினா. பெரும்பாலோர் ‘ஆம்’ என்றனர். அறிக்கை அதனையே மக்கள் நம்பிக்கையாகப் பதிவு செய்தது. கோயில் மரபோ, மண்டூக முனிவரின் சாபம் நீக்கவே அழகர் வருவதாகக் கூறுகிறது. இவ்விரு கதைகளுக்கும் இடையே மக்கள் எங்கு நிற்கின்றனர் என்பது கேட்கப்படவேயில்லை. நான் சந்தித்த மூதாட்டி ஒருவர், “மாடு கன்னு நல்லாருக்கணும்னு நேந்துக்கிட்டேன், வந்தேன். கதையெல்லாம் எனக்கெதுக்குத்தா?” என்றார். அவ்விடை ‘பிற’ என்னும் கட்டத்தில் ஓர் எண்ணாயிற்று.

தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ (1989), அக்கோயிலோடு வெவ்வேறு சாதியினர் கொண்டுள்ள உறவுகளைத் தனித்தனியே ஆராய்ந்தது. அந்நூலை முன்னோடியாகச் சுட்டும் அறிக்கைகளே வந்தோர் அனைவரையும் ‘பக்தர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது முரணாகும்.

கண்டவர் யார்?

மாணவியராகிய நாங்கள் இரவு எட்டு மணிக்குள் விடுதி திரும்ப வேண்டியிருந்தது. இராமராயர் மண்டபத்தில் விடியவிடிய நிகழும் தசாவதாரக் காட்சியை ஆண்களே பதிவு செய்தனர். அங்கு வந்திருந்த பெண்கள் ஒருவரிடமும் நேர்காணல் நிகழவில்லை. ஆயினும் அறிக்கை, ‘ஆய்வாளர்கள் நேரில் கண்டறிந்தனர்’ என்றே எழுதியது. அவ்வெழுவாய்க்குள் நாங்கள் காணாத இரவும் அடங்கிவிட்டது. இது குறித்து எவரும் வினவவில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் வழங்குபவரே குழுத் தலைவராகவும் இருக்கும்போது மாணவர் மாற்றுக்கருத்துக் கூறுவது எளிதன்று.

ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு நாளை ‘மாஸ் அப்சர்வேஷன்’ இயக்கத்தின் நோக்கர்கள் ஆங்காங்கே இருந்து பதிவு செய்தனர். ஹம்ப்ரி ஜென்னிங்ஸ், சார்லஸ் மாட்ஜ் ஆகியோர் அவற்றைத் தொகுத்தபோது, நோக்கர்களைக் குறியீடுகளால் அடையாளப்படுத்தினர். தேர்வும் வரிசையும் பதிப்பாசிரியர்களுடையவை என்பதால் அத்தொகுப்பும் குறையற்றதன்று. எனினும் எக்கூற்று எவருடையது என்பதைப் பிரித்தறிய அதில் வழியுண்டு. நம் அறிக்கைகளில் அவ்வழி இல்லை.

முடிவுரை

ஒவ்வொரு பதிவிலும் இடம், நேரம், பதிவாளர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும். முரண்படும் குறிப்புகளைப் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டும். காணாதவற்றைக் காணவில்லை என்றே எழுத வேண்டும். தரவு திரட்டிய மாணவர் பெயர்கள் நன்றியுரையில் அன்றி ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும். பொது நிகழ்வில் பேசியவர் என்பதால் தகவலாளியின் ஒப்புதல் தேவையில்லை எனக் கருதுவதும் கைவிடப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் கூடுதல் நிதி தேவையில்லை. அம்மூதாட்டியின் விடையை எழுத நான்கு வரி இடமிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.