பொனோசொவ் வழக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கமும்

பள்ளிக்கூடத்தில் திருட்டு மென்பொருள் என்று பேச்செடுத்தால் நம்மூரில் இரண்டு பதில்தான் வரும். "யாருங்க வந்து பிடிக்கப் போறா?" என்பது ஒன்று. "லினக்ஸ் போட்டா முடிஞ்சுது" என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிக்காமல் சொல்கிற பதில்கள்.

முதலாவதற்கு ரஷ்யாவில், பெர்ம் பகுதியின் செப்பிச் கிராமத்தில் தலைமையாசிரியராக இருந்த அலெக்சாந்தர் பொனோசொவைப் பார்க்கலாம். பள்ளியின் 12 கணினிகளில் உரிமமில்லாத மைக்ரோசாஃப்ட் மென்பொருள் இருந்ததாக அவர் மேல் குற்ற வழக்கு. வரும்போதே அப்படித்தான் வந்தது என்றார் அவர். 2007 பிப்ரவரியில் கோர்பச்சேவ் பில் கேட்ஸுக்குத் திறந்த மடலே எழுதினார். வழக்குப் போட்டது நாங்களில்லை என்றது மைக்ரோசாஃப்ட். அதே மாதம் அற்ப விஷயம் என்று நீதிமன்றம் கைவிட்டது. அரசுத் தரப்பு விடவில்லை. மே மாதம் 5,000 ரூபிள் அபராதம். 2008 டிசம்பரில்தான் விடுதலை. மனிதர் இரண்டு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்.

இங்கே? பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லையென்றால், தக்க காரணம் காட்டி, சிறையில்லாமல் 50,000க்குள் அபராதத்தோடு விட நீதிபதிக்கு இடமுண்டு. எனக்கு இடிப்பது அந்தத் 'தெரிந்தே'. பள்ளியில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு. கணினிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு மென்பொருளுக்கு ஒதுக்காத அலுவலகத்துக்கு எதுவுமே தெரியாது. கூண்டேறுவதென்றால் வாத்தியார்தான் ஏறவேண்டும்.

சரி, லினக்ஸ் போட்டால்? தமிழ்நாடு போட்டுப் பார்த்ததுதானே. உமாசங்கர் இருந்தபோது எல்காட் லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கைக்கு வந்ததும் பலர் முதலில் அழித்தது அதைத்தான். பிளஸ் டூ புத்தகத்தில் ஸ்டார் ஆஃபீஸ் பாடம் இருந்தது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி, 2011இல் அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம், புதுப் பாடத்திட்டம் வரும்வரை, பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்தார்கள். (பரீட்சையில் எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்று கேள்வி வேறு!)

போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் இடுக்கி. பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையில் போடியிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் போகிறார்கள். இரு பக்கமும் ஒரே ஏலக்காய்தான். அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருஷமாக லினக்ஸ்தான் ஓடுகிறது. 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கியது, 2017 முதல் கைட். ஓசியில் கிடைத்ததால் மட்டும் அது நிலைத்துவிடவில்லை. ஆசிரியர்களிலேயே சிலரைப் பயிற்றுநர்களாக்கினார்கள். வகுப்பில் எந்த மென்பொருளோ அதிலேயே பாடப்புத்தகம், அதிலேயே பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு. உரிமத்தில் மிச்சமான காசு ஒரு பக்கம் இருக்கட்டும், பயிற்சிக்கு அவர்கள் செலவழித்ததைத்தான் நாம் கணக்கில் எடுப்பதேயில்லை.

அதுவரை இந்தப் பக்கம் ஒன்றாவது செய்யலாம். பள்ளிக்குக் கணினி வாங்கும் பில்லிலேயே எந்த மென்பொருள், எந்த உரிமம் என்று எழுதி, ஒப்புதல் தரும் அதிகாரி கையெழுத்துப் போடட்டும். அப்போது 'தெரிந்தே' என்பது அவருக்கும் பொருந்தும்.