பட்டம்மாளின் பல்லவியை எப்படிக் கேட்பது

கர்நாடக இசைப் பாடகி டி.கே.பட்டம்மாளைக் கேட்க உட்காரும்போது முதலில் கையைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆதி தாளம் தெரிந்தால் போதும்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு. தொடையில் மெல்லப் போட்டுக்கொண்டே கேளுங்கள். நடுவில் விட்டுப்போனால் அடுத்த சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், சேர்ந்துகொள்ளலாம்.

எம்.எஸ்.சுப்புலட்சுமியைக் கேட்க இது தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டால் குரலே நம்மை ஏந்திக்கொள்ளும். எம்.எல்.வசந்தகுமாரியின் பிருகாக்கள் தாமே இழுத்துக்கொண்டு போகும். மூவரில் பட்டம்மாள்தான் உடனே வசப்படாதவர். கனத்த குரல், நிதானமான நடை, கேட்பவரைக் கெஞ்சாத சங்கதிகள். நல்ல பாடகிதான், ஆனால்... என்று இழுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. தாளம் போடாமல் கேட்டதால்தான் அப்படி என்பது என் எண்ணம். அவர் எதை அடைய ஆசைப்பட்டாரோ அது தாளத்துக்குள்தான் இருக்கிறது.

பல்லவி என்பது ஒற்றை வரி. அந்த வரி பெரும்பாலும் சமத்தில் தொடங்காது. கொஞ்சம் தள்ளித் தொடங்கும். அந்த இடத்துக்கு எடுப்பு என்று பெயர். வரி இரண்டாகப் பிரிந்து நடுவில் வந்து நிற்கும் இடம் அறுதி. இந்த இரண்டு இடங்களையும் உங்கள் கை கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு அதே வரியை நிரவலில் விரிப்பார்கள், திரிகாலம் செய்வார்கள், ஸ்வரம் பாடுவார்கள். எங்கே அலைந்தாலும் கடைசியில் அந்த எடுப்பில் வந்து சேர வேண்டும். நாலு களைப் பல்லவி என்றால் ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்கு முறை போட வேண்டும். எட்டு என்பது முப்பத்திரண்டாக நீண்டுவிடும். அவ்வளவு பெரிய வெளியில் நிலை தவறுவது மிகச் சுலபம்.

திரிகாலம் வரும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். தாளம் மாறாமல் இருக்க, வரி மட்டும் இரட்டை வேகத்தில் ஓடும். உங்கள் கையும் கூடவே ஓடப் பார்க்கும். அதை அடக்கிப் பிடிக்க நீங்கள் படும் பாட்டை வைத்துத்தான் பட்டம்மாளின் நிதானத்தை அளக்க முடியும். அவர் குரலில் பதற்றம் இருக்காது. கணக்கு முடிந்துவிட்டது என்ற பெருமிதமும் இருக்காது. எடுப்பில் வந்து இறங்குவார், அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். கைதட்டலுக்காக அவர் நின்று கொடுப்பதே இல்லை. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது இதுதான்.

கணக்கெல்லாம் ஆண்களின் காரியம், பெண்ணுக்குக் குரலினிமை போதும் என்று சபைகள் நினைத்திருந்த காலத்தில் அவர் பாட வந்தார். ராகம் தானம் பல்லவி ஆண் வித்வான்களின் கோட்டையாகக் கருதப்பட்டது. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த மேதைகளும் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு மிருதங்கம் வாசித்ததில்லை. பிற்காலத்தில் பட்டம்மாளுக்கு வாசித்தார். இருவரும் சம்பந்திகளும் ஆனார்கள். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் செல்லப் பெயராக ஒட்டிக்கொண்டது அல்ல. இத்தனையையும் தாண்டி அவர் சம்பாதித்தது.

அவர் 1919 மார்ச் 19 அன்று காஞ்சிபுரத்தில் ஆசாரமான அந்தணக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தாயார் காந்திமதிக்கு, வீட்டில் அழைத்த பெயர் ராஜம்மாள், நன்றாகப் பாட வரும். ஆனால் உறவினர் முன்னால் பாடக்கூட அவருக்கு அனுமதி இல்லை. அந்தக் குரலைக் கேட்க இன்று நமக்கு வழியே கிடையாது. பெண்களின் தியாகம் என்று மேடைகளில் புகழ்கிறோமே, அதில் பெரும்பகுதி இப்படித்தான்: அவர்களாகக் கொடுத்ததில்லை, கேட்காமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. மகளுக்கு வாய்த்தது ஒரு தலைமுறை இடைவெளி. அப்பா கிருஷ்ணசாமி தீட்சிதருக்குச் சங்கீதத்தில் ஈடுபாடு இருந்தது. மகள் பாடுவதை அவர் ஊக்கினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பாடியபோது பட்டம்மாளுக்கு வயது பதின்மூன்றுதான். பாடும் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவருடையதைப் போன்ற குடும்பங்கள் கவலைப்பட்ட நாட்கள் அவை. 1939-இல் ஈஸ்வரனைத் திருமணம் செய்துகொண்ட பிறகும் கச்சேரிகள் நிற்கவில்லை.

பல்லவி மோகம் அவருக்கு ஊரிலிருந்தே வந்தது. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை லயத்தில் சிங்கம். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று ‘முழுக் கச்சேரி’ வைத்துப் பாடியவர். சிறுமி பட்டம்மாள் அந்தக் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டார். பின்னாளில் வித்யாலா நரசிம்மலு நாயுடுவிடம் பல்லவிகள் கற்றார்.

இங்கே இன்னொரு பெண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நயினாப் பிள்ளையிடம் நேரடியாகச் சிட்சை பெற்றவர் டி.பிருந்தா, வீணை தனம்மாளின் பேத்தி. இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்கள் பட்டம்மாளுக்கு முன்பே பல தலைமுறைகளாக மேடையில் இருந்தவர்கள். பெண்களுக்கு மேடையைத் திறந்தவர் பட்டம்மாள் என்று மொட்டையாக எழுதுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். அந்தணக் குடும்பத்துப் பெண்களுக்கு அவர் கதவைத் திறந்தார் என்பதே சரி. அதே பத்தாண்டுகளில்தான் இசைக் குலத்துப் பெண்கள் சமூக அவமதிப்பாலும் ஆதரவு வற்றியதாலும் மேடையை விட்டு விலக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டம்மாளின் ஒரு பல்லவியையும் பிருந்தா பாடிய ஒரு பதத்தையும் ஒரே மாலையில் கேளுங்கள். ஒன்றில் சிருங்காரத்துக்கு இடமே இல்லை. மற்றொன்று சிருங்காரத்தின் மிக நுட்பமான பேச்சு. ‘குடும்பப் பெண்’ மேடையேற வேண்டுமானால் எந்த உணர்ச்சியை வெளியே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது என்பது அப்போது புரியும். சினிமாவில் தேசியப் பாடல்களும் பக்திப் பாடல்களும்தான் பாடுவேன் என்று பட்டம்மாள் வரம்பு கட்டிக்கொண்டதையும் இதோடு வைத்துப் பார்க்கிறேன். அது அவருடைய சொந்த விருப்பமாகவே இருக்கலாம். அந்த விருப்பத்தைத்தான் ஊரும் பாராட்டக் காத்திருந்தது.

அந்த வரம்புக்குள் அவர் என்ன செய்தார் என்பதற்கு ‘நாம் இருவர்’ படத்தைக் கேளுங்கள். 1947 ஜனவரியில், விடுதலைக்கு முன்பே, வெளிவந்த படம். பாரதியாரின் ‘ஆடுவோமே’ பாட்டுக்குத் திரையில் ஆடுவது குமாரி கமலா, பாடுவது பட்டம்மாள். இந்தப் பாட்டில் உற்சாகத்தைக் காட்ட அவர் குரலை உயர்த்திக் கூவுவதில்லை. சொற்களைத் தாளத்தில் உறுதியாக ஊன்றி வைக்கிறார். உற்சாகம் தானே வந்துவிடுகிறது. பல்லவியில் பழகிய கை இங்கேயும் வேலை செய்கிறது.

அடுத்து முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள். இவற்றை அவர் தீட்சிதர் பரம்பரையில் வந்த அம்பி தீட்சிதரிடமும், பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி.எல்.வெங்கடராம ஐயரிடமும் பாடம் செய்தவர். காம்போஜியில் ‘ஸ்ரீ சுப்ரமண்யாய நமஸ்தே’ நல்ல தொடக்கம். நீண்ட சமஸ்கிருதத் தொடர்களை எங்கே பிரிக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனியுங்கள். சொல் எங்கும் உடையாது. தீட்சிதர் கிருதிகள் பலவற்றில் கடைசியில் மத்யமகால சாகித்யம் வரும். சொற்கள் இரட்டை வேகத்தில் நெருங்கி வரும். அதுவரை கேட்ட விளம்ப நடை ஒரு நூலும் விலகாமல் அந்த இடத்தில் தாங்கி நிற்பதைக் கேட்கலாம்.

விருதுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1928-இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி மகுடத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குச் சூட்டியது 1968-இல், எம்.எஸ்.ஸுக்கு. பட்டம்மாளுக்கு 1970-இல் கிடைத்தது, பிருந்தாவுக்கு 1976-இல். நாற்பது ஆண்டு காத்திருப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசியாகச் சிபாரிசு செய்வது, தம்பி டி.கே.ஜெயராமனோடு அவர் சேர்ந்து பாடிய பதிவுகளை. ஜெயராமன் அக்காவிடம் கற்றவர். பின்னர் பெரிய வித்வானாகி 1990-இல் தாமும் சங்கீத கலாநிதி ஆனவர். அந்தப் பதிவுகளில் அவர் அக்காவின் வழியில் நடக்கிறார். நிரவலில் எந்தச் சொல்லை எடுப்பது, எவ்வளவு நேரம் நிற்பது, ஸ்வரத்தை எப்போது முடிப்பது எல்லாம் அக்காவின் தீர்மானம். இரண்டு குரலும் சேர்ந்து ஒலிக்கும் இடங்களைவிட, தம்பி பாடும்போது பட்டம்மாள் வாய்திறக்காமல் இருக்கும் சுற்றுகளைக் கவனியுங்கள். தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருங்கள். அவர் திரும்ப எந்த எண்ணிக்கையில் நுழையப் போகிறார் என்று முன்கூட்டியே ஊகிக்க முயலுங்கள். முதலில் தவறும். பிறகு ஒருநாள் உங்கள் கையும் அவர் குரலும் ஒரே எடுப்பில் வந்து விழும்.