துழாவிப் பிடிக்கும் நாரை

சென்னைக்காரர்கள் பறவை பார்க்க வேடந்தாங்கலுக்குப் போவார்கள். கொஞ்சம் ஆர்வம் முற்றினால் பழவேற்காடு. நீர்ப்பறவைகளின் தொழில் நேர்த்தியைக் கிட்டத்தில் நின்று ரசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சடையங்குப்பத்தைத்தான் சொல்வேன். வேடந்தாங்கலில் நாரைகளைக் கூடும் குஞ்சுமாகக் குடும்பத்தோடு பார்க்கலாம். இங்கே அவை பிழைப்புக்கு இறங்கி வேலை செய்கின்றன.

மணலித் தொழிற்சாலைகளுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் நடுவில், கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கிறது ஊர். பூண்டி ஏரியைத் திறந்துவிட்டால் தண்ணீர் புகும் என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் பயந்து கிடக்கிற ஊர். அந்த வெள்ளம் வடிந்து, தை பிறக்கும்போது, சேறும் முழங்கால் தண்ணீரும் பள்ளமும் அடுத்தடுத்து வெளிப்படும். பறவைகள் கால் நீளத்துக்குத் தக்கபடி இடம் பிடிக்கும். ஈரச் சேற்றில் உப்புக்கொத்திகள், சற்று உள்ளே நெடுங்கால் உள்ளான்கள், அதற்கும் அப்பால் நாரைகள், காலே எட்டாத ஆழத்தில் மிதந்தபடி கூழைக்கடாக்கள். யாரும் யார் இடத்துக்கும் போவதில்லை. பின்னால் ஆலைகளின் புகைபோக்கிகள். படம் எடுப்பவர்கள் அவை விழாதபடி கேமராவைச் சாய்ப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் பறவைகள் வாழும் இடம் இதுதான்; படத்திலும் அது இருக்கட்டும்.

நெடுங்கால் உள்ளானை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். உடல் அளவோடு ஒப்பிட்டால் பூநாரைக்கு அடுத்தபடியாக நீண்ட கால்கள் இதற்குத்தான். மூட்டு பின்பக்கமாக மடங்குவதுபோல் தெரியும். அது முழங்கால் இல்லை, கணுக்கால். ஒவ்வொரு அடியிலும் காலை முழுவதுமாகத் தண்ணீரிலிருந்து எடுத்து, கலக்காமல் ஊன்றும். அதனால்தான் நீரின் மேல் இருக்கும் பூச்சிகள் கலையாமல் அதன் ஊசி அலகுக்குக் கிடைக்கின்றன. கோடையில் தரையில் முட்டையிட்டால், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து முட்டைகளைக் குளிர்விக்கும். முதுகு கன்னங்கரேலென்று பளபளத்தால் ஆண். பழுப்பு ஓடினால் பெண்.

ஆனால் என்னை மணிக்கணக்கில் நிற்க வைப்பது மஞ்சள் மூக்கு நாரை. மார்பில் கருப்புப் பட்டை, இறக்கையின் பின்முனையில் ரோஜா நிறம் என்று அழகுக்குக் குறைவில்லை. அந்த அழகைவிட அது மீன் பிடிக்கும் விதம்தான் பெரிது. கொக்கு கண்ணால் குறிபார்த்துக் குத்தும். இந்த நாரை அலகைப் பாதி திறந்து கலங்கல் தண்ணீருக்குள் விட்டு, இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்கும். ஒரு காலால் சேற்றைக் கிளறி, பதுங்கியிருக்கும் மீனைக் கிளப்பும். மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். இதன் அமெரிக்க உறவான மர நாரையின் அலகு மூடும் வேகத்தை அளந்திருக்கிறார்கள்: ஒரு நொடியில் 40-ல் ஒரு பங்கு. நாம் கண் இமைப்பதைவிட வேகம். தலை நிமிர்ந்து, தொண்டை அசைந்த பிறகுதான் மீன் அகப்பட்டது நமக்கே தெரியும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் அமிழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி எடுப்பார்கள். வலை கிடையாது, கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கும் வேலை கிடையாது. எல்லாம் விரல் நுனியின் அறிவு. நாரைக்கு அந்த அறிவு அலகில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்து வந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றில் பரவியது. உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. இறகில் எண்ணெய் ஏறினால் இடையில் அடைபட்டிருக்கும் காற்று போய்விடும். பறவை நனையும், விறைக்கும். மிதக்கும் பறவையின் மேல் அப்பியதைப் படம் பிடிக்க முடிந்தது. சேற்றில் படிந்ததைப் படம் பிடிக்க முடியாது. அந்தச் சேற்றைத்தான் நாரை அலகாலும் அந்தப் பெண்கள் கையாலும் துழாவுகிறார்கள்.

போவதாக இருந்தால் தை, மாசியில், விடிந்த கையோடு, வெயில் முதுகில் விழும்படி நின்றுகொள்ளுங்கள். தண்ணீர் இறங்கும் நேரமாக இருந்தால் நல்லது. பொங்கலையொட்டித் தமிழகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் இது ஏற்ற இடம். ஆனால் பட்டியலை எழுதி முடித்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு நாரையைத் தேர்ந்தெடுத்து, அது வயிறு நிறைந்து ஒற்றைக் காலில் நிற்கும்வரை பாருங்கள். எத்தனை வீச்சுக்கு ஒரு மீன் என்று எண்ணிப் பாருங்கள்.