ஏற்றத்தாழ்வும் திறமையும்

சமூகவியல் பயிலப் புகும் மாணவர் முதலில் எதிர்கொள்ளும் கொள்கைகளுள் தொழிற்பாட்டுவாதமும் ஒன்றாம். உடலுறுப்புக்கள் போலச் சமூகத்தின் ஒவ்வோர் அமைப்பும் முழுமையின் நிலைபேற்றுக்கு உதவுகின்றது என்பது அதன் துணிபு. இத்துணிபு கொண்டே அமெரிக்க அறிஞராகிய கிங்ஸ்லி டேவிசும் வில்பேட் மூரும் 1945இல் சமூக ஏற்றத்தாழ்வுக்கு விளக்கம் கூறினர். அரிய திறமையும் நீண்ட பயிற்சியும் வேண்டும் பதவிகளுக்குத் தக்காரை ஈர்ப்பதற்கு உயர்ந்த ஊதியமும் மதிப்பும் இன்றியமையாதன என்றனர்.

பயிற்சிக்கு ஊக்கம் வேண்டும் என்னும் அளவில் இவ்வாதம் பொருந்தும். அதற்கு மேற் செல்லாது. 1953இல் மெல்வின் ரியூமின் இதனை மறுத்தார். பெற்றோரின் செல்வமே பிள்ளையின் கல்வியை வரையறுக்கும் சமூகத்தில், வறியோரின் திறமை வெளிப்படாமலே மறைகின்றது. திறமையைத் தேர்வதற்கென்று கூறப்படும் ஏற்றத்தாழ்வே அத்தேர்வுக்குத் தடையாகின்றது என்று காட்டினார்.

டேவிசும் மூரும் எழுதிய அதே 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கியதனால் மேல்வகுப்புக்களை எட்டிய பிள்ளைகள் அதற்கு முன்னரும் திறமையற்றவராய் இருந்தாரல்லர். அவர்க்கு வாயில் அடைபட்டிருந்தது. ஆதலின், ஓர் அமைப்பினால் விளையும் பயன் யாதென வினவும் மாணவர், அப்பயன் யாருக்கு என்றும் வினவுதல் வேண்டும்.