கண்டறிந்தது யார்? தொல்லியலில் செயற்கை நுண்ணறிவு: நாஸ்கா, தென் மெசபொத்தேமிய ஆய்வுகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

தொல்லியல் ஆய்வில் வான்வழிப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும் செயற்கை நுண்ணறிவோடு இணைந்து பயன்படத் தொடங்கிய பின்னர், ‘இயந்திரம் கண்டுபிடித்தது’ என்னும் தொடர் செய்தித்தாள்களிலும் ஆய்வரங்குகளிலும் ஒருசேர வழங்கி வருகிறது. இத்தொடர் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இரண்டு ஆய்வுகளைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஒன்று, பெரு நாட்டின் நாஸ்கா பாலைநிலத்தில் யமகாட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாட்டோ சகாய் குழுவினர் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்களோடு இணைந்து நிகழ்த்தி, 2024இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வெளியிட்டது. மற்றொன்று, தென் ஈராக்கின் வண்டல் சமவெளியைப் பற்றிப் பொலோஞா பல்கலைக்கழகக் குழுவினர் 2023இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்டது. இரண்டும் தம் எண்களை மறைக்காமல் தந்திருக்கும் நேர்மையான ஆய்வுகள். அவற்றை மதிப்பிட முடிவதே அந்நேர்மையால்தான்.

நாஸ்கா: எண்களின் பகுப்பு

1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நாஸ்கா பகுதியில், நிலத்தின் மேற்பரப்புக் கற்களை அகற்றியும் குவித்தும் வரையப்பட்ட மனித, விலங்கு உருவங்கள் 2020 வரை 430 அறியப்பட்டிருந்தன. புதிய ஆய்வு மேலும் 303 உருவங்களைச் சேர்த்தது. 2022 செப்டம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை ஆறு மாதம் நடந்த கள ஆய்வில் இவ்வளவு பெரிய வளர்ச்சி கிட்டியது என்பதே உலகெங்கும் செய்தியாயிற்று.

இந்த 303இன் பகுப்பைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. செயற்கை நுண்ணறிவு தனித்தனியே சுட்டிக்காட்டியவை 178. அது சுட்டிய ஓர் உருவத்தைக் காணச் சென்றபோது, அதே தொகுதியில் ஆய்வாளர் கண்டவை 66. இயந்திரத்தின் சுட்டுதல் ஏதுமின்றிக் களத்தில் நடந்தவர்கள் கண்டவை 59. அதாவது ஐந்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு உருவங்கள் இயந்திரத்தால் நேரடியாகக் காணப்படாதவை; ஐந்தில் ஏறத்தாழ ஒரு பங்கு அதன் துணையே இன்றிக் கிடைத்தவை.

சுட்டுதலின் தரமும் கருதத்தக்கது. 629 சதுர கிலோமீட்டர் பரப்பின் படங்களிலிருந்து இயந்திரம் 47,410 இடங்களை முன்வைத்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆய்வாளர்கள் 1,309 இடங்களை மட்டும் நம்பத்தக்கவை எனத் தேர்ந்தனர். முப்பத்தாறு சுட்டுதல்களுக்கு ஒன்று என்னும் விகிதம் இது. அந்த 1,309இலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே ஆய்வு வெளிவருமுன் களத்தில் சென்று பார்க்கப்பட்டது. இவ்விகிதம் கருவியின் இழிவைக் காட்டுவதாகக் கொள்ளல் தவறு. பல நூறு சதுர கிலோமீட்டரில் எங்கே முதலில் செல்வது என்ற வினாவுக்கு அது விடை தந்திருக்கிறது. எட்டுப் பத்தாண்டுக் காலத் தேடலோடு ஒப்பிட்டால் அது சிறு உதவி அன்று. எனினும் தேடலை வரிசைப்படுத்துவது ஒரு வேலை, கண்டறிந்து உறுதிசெய்வது வேறொரு வேலை.

மற்றொரு செய்தியும் இங்கே குறிக்கத்தக்கது. இவ்வாய்வில் பயன்பட்டவை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பிரிதிறன் கொண்ட வான்வழிப் படங்கள். புதிதாகக் கிடைத்தவற்றுள் மிகப் பலவான புடைப்புவகை உருவங்களின் சராசரி அளவு 9 மீட்டர் அளவினதே. கட்டணமின்றிக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளி 10 மீட்டர் பரப்பைக் குறிப்பதால், அத்தகைய உருவம் முழுவதும் ஒரு புள்ளிக்குள் மறைந்துவிடும். ‘செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்தால் போதும்’ என்று ஆய்வுத்திட்டம் எழுதுவோர் இக்கணக்கை முதலில் போட்டுப் பார்த்தல் நலம்.

சகாய் குழுவினரின் விளக்கப் பகுதி செறிவானது. புடைப்புவகை உருவங்கள் வளைந்து செல்லும் நடைபாதைகளின் அருகே, நடப்பவர் காணும்படி அமைந்தவை என்றும், அவற்றில் மனிதரும் மனிதரோடு தொடர்புடைய விலங்குகளும் மிகுதி என்றும், சராசரி 90 மீட்டர் அளவுள்ள கோட்டுவகை உருவங்களில் காட்டு விலங்குகள் மிகுதி என்றும் அவர்கள் காட்டுகின்றனர். இக்கருத்தை வலுப்படுத்த ஒரு சோதனை உதவும்: களத்தில் நடந்தவர் கண்ட உருவங்களை ஒதுக்கிவிட்டு, இயந்திரம் தனித்துச் சுட்டியவற்றுக்கு மட்டும் பாதையிலிருந்துள்ள தொலைவைக் கணக்கிடல். நடந்தவர் கண்டவை நடந்த வழியின் அருகிலேயே இருக்கும் அல்லவா?

தென் மெசபொத்தேமியா: மேடும் மறைவும்

பொலோஞா குழுவினரின் ஆய்வு, 4,934 தொல்லிடங்களின் எல்லை வரைவுகளைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவித்தது. கண்டறிதலின் துல்லியம் ஏறத்தாழ 80 விழுக்காடு எனப்பட்டது. அந்த 4,934 இடங்கள் வந்த வழியே இங்கு முதன்மையானது. ராபர்ட் மெக்கார்மிக் ஆடம்ஸ் முதலானோர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தென் ஈராக்கில் மேடு மேடாகச் சென்று ஓடுகளைப் பொறுக்கித் தொகுத்த மேற்பரப்பாய்வுகளின் மரபில் விளைந்த தரவு அது. அவர்களின் கண்ணுக்கு மேடாகத் தெரிந்ததையே இயந்திரமும் மேடு எனக் கற்றது. நடந்தவர் காணாததை அது காணும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இக்குறை கற்பனை அன்று. கீஷ் நகருக்கு அருகிலுள்ள ராஸ் அல்-அமியா என்னும் உபைத் காலக் குடியிருப்பு, ஆற்று வண்டலுக்கு அடியில் சமவெளியோடு சமவெளியாகப் புதைந்திருந்தது. கால்வாய் வெட்டியபோதே அது வெளிப்பட்டது. தரைமேல் எந்த மேடும் இல்லாத அத்தகைய ஊரைப் படத்தில் தேடிப் பயனில்லை. ஆகவே இயந்திரம் வரைந்த வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், அதற்கு ‘அங்கே மக்கள் வாழவில்லை’ என்று பொருள் கொள்ளலாகாது. தொல்லிடங்களின் எண்ணிக்கையையும் பரப்பையும் கொண்டு மக்கள்தொகையைக் கணிக்கும் மரபு மெசபொத்தேமிய ஆய்வில் வலுவாக உள்ளது. எண்ணிக்கை இயந்திரத்திடமிருந்து வரத் தொடங்கினால், பழைய ஆய்வுகளின் பார்வைக் குறைகள் புதிய துல்லியத்தின் போர்வையில் வரலாறாகிவிடும்.

இதே குழுவினர் 2025இல் வெளியிட்ட தொடராய்வு இவ்வகையில் ஒரு படி முன்னேற்றம். 1960 முதல் 1972 வரை இயங்கிய அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, 1995இல் மறைநிலை நீக்கப்பட்ட படங்களை அவர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். வேளாண்மையும் நகர்ப்பெருக்கமும் பின்னர் அழித்த மேடுகள் அப்படங்களில் இன்னும் நிற்கின்றன. பாக்தாதுக்கு மேற்கே அபு கிரைப் மாவட்டத்தில், முன்னர் அறியப்படாத நான்கு இடங்கள் இம்முறையால் சுட்டப்பட்டுக் களத்தில் உறுதிசெய்யப்பட்டன. நாஸ்காவின் 303 என்னும் எண்ணோடு ஒப்பிட இந்த நான்கு மிகச் சிறிது. ஆயினும் முறையியல் நோக்கில் எடை மிக்கது. அழிந்துபோன நிலத்தோற்றத்தை மீட்பதில் மனிதக் கண்ணுக்கு இல்லாத வாய்ப்பைக் கருவி இங்கே பெறுகிறது.

தமிழக ஆய்வுச் சூழல்

இந்தியத் தொல்லியல் துறை 2013-14இல் வைகைப் படுகையில் நிகழ்த்திய கள ஆய்வு 293 தொல்லிடங்களைப் பதிவு செய்தது. கீழடி அகழாய்வுக்கு அடிப்படை அமைத்தது அதுவே. இத்தகைய பதிவுகளே பயிற்சித் தரவாக அமையத்தக்கவை. பாலைநிலத்து மேடுகளில் பயின்ற இயந்திரத்தை வைகைக் கரைக்குக் கொணர்ந்து பயன்படுத்தல் இயலாது. கீழடியின் அகழாய்வுக் குழிகள் தென்னந்தோப்புக்குள் அமைந்தவை. மேலிருந்து எடுத்த படத்தில் முதலில் தெரிவது மரத்தின் தலை. ஆதிச்சநல்லூரின் தாழிகளோ மண்ணுக்குள் இருப்பவை. வைகைப் படுகைக்கு ஒரு கருவி உருவாக வேண்டுமெனில், 293 இடங்களின் எல்லைகள் வரையப்பட்ட இலக்கமுறைப் பதிவும், நடந்து தேடியும் எதுவும் கிடைக்காத இடங்களின் பதிவும் வேண்டும். முன்னது இருந்தும் பின்னது இல்லையெனில், இல்லாததை இல்லையென்று இயந்திரத்துக்குக் கற்பிக்க வழியில்லை.