மலையும் பல்லக்கும்
கொரியப் பிரயாண இலக்கியம் பற்றிச் சில கருத்துக்கள்

பிரயாண இலக்கியம் எக்காலத்திலும் வாசகருக்கு இனிப்பதொன்று. காணாத மலையையும் கேளாத மணியோசையையும் வீட்டிலிருந்தவாறே அனுபவிக்கத் தரும் எழுத்தை எவர்தான் வெறுப்பர்? ஆயினும் அவ்வெழுத்தை மதிப்பிடப் புகும் விமர்சகன் ஒரு கேள்வியைக் கேட்டே தீரவேண்டும். எழுத்தாளன் எவருடைய தோளில் ஏறி நின்று அக்காட்சியைக் கண்டான்? கொரிய நாட்டைப் பொறுத்தவரையில் இக்கேள்வி வெறும் உருவகமன்று. வரலாற்று உண்மையைத் தொடுவது.

கொரியாவின் நிலப்பரப்பிற் பெரும்பகுதி மலையாகும். அந்நாட்டின் புகழ்பெற்ற புத்த விகாரைகளும் மிகப் பெரும்பாலும் மலைகளிலேயே உள்ளன. துறவியர் தனிமையை விரும்பினர், ஆகவே மலையை நாடினர் என்று உல்லாசப் பிரயாணிகளுக்கான நூல்கள் இதனை எளிதாக விளக்கிவிடும். விளக்கம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் பாதியை மறைப்பது. 1392 முதல் ஆண்ட ஜோசோன் அரசு கொன்பியூசிய நெறியை அரச நெறியாகக் கொண்டது. விகாரைகளின் நிலங்கள் பறிக்கப்பட்டன. நகர விகாரைகள் மூடப்பட்டன. பிக்குகள் தலைநகருக்குள் நுழைவதும் தடுக்கப்பட்டது. இத்தடை 1895 வரை நீங்கவில்லை. மலையில் எஞ்சிய பிக்குகளைச் சமுதாயத்தின் தாழ்ந்த படியில் வைத்து அரசு வேலை வாங்கியது. அவர்கள் காகிதம் செய்து வரியாகச் செலுத்தினர். தலைநகருக்குத் தெற்கேயுள்ள நாம்ஹான் மலைக்கோட்டையை 1624இல் தொடங்கிக் கட்டியெழுப்பியதிலும் பின்னர் அதனைக் காவல் செய்ததிலும் பிக்குகளின் உழைப்புப் பெரிது. இன்று பிரயாணி 'மலையின் மோனம்' என்று வியந்து போற்றுவது, ஒரு வகையில், ஒதுக்கப்பட்டோரின் மோனமுமாகும்.

இப்பின்னணியிலேதான் கொரியாவின் மலைப்பயண இலக்கியம் செழித்தது. யாங்பான் எனப்பட்ட நிலவுடைமைக் கல்விமான்கள் மலையேறித் திரும்பிக் குறிப்பெழுதுவதை ஒரு மரபாகவே வளர்த்தனர். இம்மரபின் சிகரங்களிலொன்று ஜோங் சோல் இயற்றிய 'க்வான்டோங் பியோல்கோக்' என்னும் நெடும்பாடல். 1580இல் காங்வொன் மாகாண ஆளுநராக நியமனம் பெற்ற அவர், வைரமலை என்று பொருள்படும் கும்காங் மலையையும் கிழக்குக் கடற்கரையையும் கண்டு இதனைப் பாடினார். கற்றோர் சீன மொழியையே இலக்கிய மொழியெனப் போற்றிய காலத்தில், மக்கள் பேசிய கொரிய மொழியிலே இத்தகையதொரு படைப்பைத் தந்தமை பெருஞ் சாதனை. இதனை எவரும் மறுக்கவியலாது. எனினும் மலையைக் காணும்போதெல்லாம் மன்னனை நினைக்கும் உள்ளம் அப்பாடலில் இருக்கின்றது. அருவியும் பாறையும் அதிகாரியின் கண் வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன.

அதிகாரிகளும் கல்விமான்களும் செங்குத்தான பாதைகளில் எவ்வாறு ஏறினர்? பிக்குகள் சுமந்தனர். மூங்கிற் பல்லக்கிலே யாங்பானை ஏற்றி, ஒரு விகாரையின் பிக்குகள் தம் எல்லை வரை தூக்கிச் சென்று, அடுத்த விகாரையின் பிக்குகளிடம் ஒப்படைப்பர். மலைப்பயணக் குறிப்புகள் பலவற்றில் இச்செய்தி வானிலையைப் பற்றிச் சொல்வது போல ஒரு வரியிற் கடந்துபோகிறது. ஓவியர் ஜோங் சோன் 1711இல் வரைந்த கும்காங் மலை ஓவியத் தொகுதியிலே ஒரு படம் இதற்குச் சாட்சி. பாலமொன்றின் அருகே மலையிறங்கிய கனவான்கள் இளைப்பாறுகின்றனர். சற்றே தள்ளி, அவர்களைச் சுமந்து வந்த பிக்குகள் பல்லக்குகளோடு நிற்கின்றனர். பேனா பிடித்தோர் பேசத் தயங்கியதைத் தூரிகை மறைக்காது காட்டிவிட்டது.

பேனா முற்றிலும் ஊமையாயிருந்ததென்றும் கூறுதற்கில்லை. தாசான் என்ற புனைபெயராற் புகழ்பெற்ற ஜோங் யாக்-யோங், பல்லக்குச் சுமப்போரின் துயரத்தையே பொருளாகக் கொண்டு ஒரு கவிதை எழுதினார். 1801 முதல் 1818 வரை நாடுகடத்தப்பட்டவராய்த் தென்கோடியிலுள்ள காங்ஜின் பகுதியில் வாழ்ந்து, வரிக் கொடுமையையும் குடியானவரின் வறுமையையும் அருகிருந்து கண்டவர் அவர். அவரும் யாங்பானே, ஆனால் அதிகாரம் தள்ளிவிட்ட யாங்பான். பார்வை மாறுவதற்கு இருக்கும் இடம் மாறவேண்டியிருந்தது என்பதற்கு அவர் வாழ்வு எடுத்துக்காட்டு.

பல்லக்கு மட்டுமன்று, பாதையும் எல்லார்க்கும் பொதுவாயிருக்கவில்லை. ஜேஜு தீவின் வணிகப் பெண் கிம் மான்-டோக், 1790களில் நேர்ந்த பஞ்சத்தின்போது தன் செல்வத்தைச் செலவிட்டு நெல் வரவழைத்துத் தீவு மக்களைக் காப்பாற்றினாள். மன்னர் பரிசளிக்க முன்வந்தபோது அவள் கேட்டது தலைநகரையும் கும்காங் மலையையும் காணும் உரிமையை. ஜேஜுப் பெண்கள் தீவை விட்டு வெளியேறச் சட்டம் இடந்தரவில்லை! 1796இல் அவ்வுரிமை அவளுக்கு விதிவிலக்காக வழங்கப்பட்டது. 1830இல் கிம் கும்-வொன் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி ஆண் உடை தரித்தே அம்மலையைக் காணப் புறப்பட்டாள். பின்னாளில், 1850இல், தன் பயணத்தை நூலாக எழுதி முடித்தாள். பெண்ணுக்கு மலை எவ்வளவு தொலைவு என்பதை இவ்விருவர் வரலாறு சொல்வது போல ஆளுநரின் பாடல் சொல்லாது.

இனி, அந்நியரின் கண்ணுக்கு வருவோம். 1910இல் யப்பானிய ஏகாதிபத்தியம் கொரியாவை விழுங்கிற்று. தலைநகரின் கியோங்பொக்குங் அரண்மனை வளாகத்தை மறைத்துக் கொண்டு ஆளுநர் நாயகத்தின் மாபெருங் கட்டிடம் எழுந்தது. 1926இல் அது நிறைவுற்றது. அரண்மனையின் தலைவாயிலாகிய க்வாங்ஹ்வாமுன் இடிக்கப்படவிருந்தபோது, 1922இல் அதற்கெதிராகக் கட்டுரை எழுதியவர் யானாகி சோயெத்சு என்னும் யப்பானியக் கலை அறிஞர். ஆளும் நாட்டவர் ஒருவர் ஆளப்படுவோரின் கலைக்காகக் குரலெழுப்பியது துணிவான செயல். வாயில் இடிக்கப்படாது வேறிடத்துக்கு மாற்றப்பட்டதில் அக்குரலுக்குப் பங்குண்டு. ஆனால் அதே யானாகி, கொரியக் கலையின் சாரம் சோகமே என்று கோட்பாடு வகுத்தார். வெண்ணிற ஆடையும் கலங்களின் நீண்ட வளைகோடும் துயருற்ற ஓரினத்தின் கண்ணீராக அவருக்குத் தோன்றின. பிற்காலக் கொரிய விமர்சகர் இதனைக் கடுமையாக மறுத்தனர். மறுத்தது நியாயமே. அடிமைத்தனம் வரலாற்றில் நேர்ந்தது; வரலாற்றில் நீங்கக்கூடியது. அதனால் விளைந்த துயரை ஓரினத்தின் இயல்பாகச் சித்திரித்தால், அடிமைப்படுத்தியவன் குற்றத்தினின்றும் தப்பிவிடுகிறான். இரக்கமும் ஒருவகைப் பல்லக்காகலாம்.

விடுதலைக்குப் பின்னராவது பார்வை நேராயிற்றா? 751இல் தொடங்கப்பட்ட புல்குக்சா விகாரை 1593இல் யப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. இன்று பிரயாணி காணும் மண்டபங்களிற் பலவற்றின் தோற்றம் 1969 முதல் 1973 வரை நடந்த புனரமைப்பின் விளைவு. 1961இல் இராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த பார்க் சுங்-ஹீயின் அரசு அதனைச் செய்தது. மலைமேலுள்ள சொக்குராம் குகைக்கோயிலின் கதை இன்னும் சிக்கலானது. 1913 முதல் 1915 வரை யப்பானியர் அதனைக் கழற்றிச் சீமெந்து கொண்டு மீண்டும் பூட்டினர். அதன்பின் ஈரப்பதம் உள்ளே தங்கிக் கல்லைத் தின்னத் தொடங்கிற்று. 1960களில் மேலுமொரு கவிகையும் முன்மண்டபமும் அமைக்கப்பட்டன. இன்று புத்தர் சிலையை யாத்திரிகர் கண்ணாடித் தடுப்பின் வழியாகவே தரிசிக்கின்றனர். க்வாங்ஹ்வாமுன் 1968இற் கொங்கிறீற்றில் எழுப்பப்பட்டு, சர்வாதிகாரியின் கையெழுத்திலே பெயர்ப்பலகை தாங்கியது. 2010இலேதான் மரத்தாலான வாயில் மீண்டும் பழைய இடத்தில் நின்றது. 'ஆயிரமாண்டுப் பழைமை' என்று வியக்கும் பயணக் கட்டுரை இவ்வடுக்குகளையெல்லாம் ஒரே வண்ணத்தால் மெழுகிவிடுகிறது.

மன்னராட்சியின் மகிமையும் அவ்வாறே மெழுகப்படுகிறது. 1592இல் எரிந்த கியோங்பொக்குங் 1865இல் மீண்டும் கட்டத் தொடங்கப்பட்டபோது, செலவுக்காக 'விரும்பிக் கொடுக்கும் காசு' என்ற பெயரில் மக்களிடம் பணம் கறக்கப்பட்டது. அதே ஒலியுடைய வேறோர் எழுத்தை இட்டு, 'வெறுத்துக் கொடுக்கும் காசு' என்று மக்கள் அதற்குப் பெயர் சூட்டினர். மதிப்பிழந்த நாணயத்தை அரசு வெளியிட, விலைவாசி ஏறிற்று. அரண்மனையின் கூரையழகை வருணிக்கும் பக்கங்களில் அம்மக்களின் சிலேடைக்கு இடமில்லாமற் போவதேன்?

இந்நிலையிலே 1993இல் வெளிவந்த யூ ஹோங்-ஜுன் அவர்களின் பண்பாட்டு மரபுப் பயண நூல் ஒரு திருப்பம் எனலாம். 1980களின் மக்கள் கலை இயக்கத்தோடு நெருங்கியிருந்த இக்கலை விமர்சகர், தம் முதற் தொகுதியை அரச தலைநகரிலிருந்து தொடங்கவில்லை. தாசான் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த காங்ஜின், ஹேனாம் என்னும் ஒதுக்குப்புறத்திலிருந்து தொடங்கினார். இத்தேர்வே ஒரு விமர்சனம். பெயரில்லாத கல்தச்சனின் தூபியும் சிற்றூரின் மண்ணும் மன்னரின் பொற்கிரீடத்துக்குச் சமமாகப் பேசப்பட்டன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. ஒரு தலைமுறை தன் நாட்டைத் தானே காணப் புறப்பட்டது. அறிந்து செல்பவனுக்கே மிகுதியாகப் புலப்படும் என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. அறிவைச் செல்வர் வீட்டுச் சொத்தாக வைத்திராது பொதுவில் பகிர்ந்தவர் என்ற வகையில் அவர் பெருமைக்குரியவர். ஆயினும் அக்கருத்தின் மறுபக்கத்தையும் எண்ணவேண்டும். கலையறிவே பார்வைக்கு அளவுகோலானால், விகாரையின் முற்றத்தைத் தினமும் கூட்டுபவளும் அடிவாரத்தில் உணவு விற்பவளும் எதனையும் காணாதவர்களாகிவிடுவார்களா? அவர்கள் அறிந்த மலை வேறு. அதனை எழுதும் நூல் இன்னும் வேண்டப்படுகின்றது.

அண்மைய வரலாறு அம்மலைகளில் எழுதப்படாமலிருப்பதும் கவனத்துக்குரியது. 1951இற் பின்வாங்கிய தென் கொரியப் படையினர், எதிரிக்குப் புகலிடமாகலாம் என்றஞ்சி, ஓடே மலையின் வொல்ஜோங்சா விகாரையை எரித்தனர். எண்கோணக் கல்தூபி எஞ்சிற்று. அதே மலையிலுள்ள சாங்வொன்சா தப்பியது. முதிய பிக்கு ஹானாம் மண்டபத்திலே அமர்ந்து வெளியேற மறுத்தமையே காரணம். அதே ஆண்டில், கெரில்லாப் போராளிகள் பதுங்கிய காயா மலையின் ஹேயின்சா மீது குண்டு வீசும்படி பணிக்கப்பட்ட விமானி கிம் யோங்-ஹ்வான் அக்கட்டளையை நிறைவேற்றவில்லை. அவ்விகாரையிலுள்ள திரிபிடக அச்சுப்பலகைகள் 81,258. மொங்கோலியப் படையெடுப்பின் நடுவே, 13ஆம் நூற்றாண்டில், பதினைந்தாண்டுகளாகச் செதுக்கப்பட்டவை அவை. எல்லாப் பயணக் கட்டுரைகளும் இவ்வெண்ணிக்கையைத் தவறாது கூறும். பலகைகளின் ஓரங்களிலே செதுக்கியோர் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் கூறுவன மிகச் சில.

இன்று மலை திறந்திருக்கின்றது. 2002 முதல் விகாரைகள் அந்நியரையும் இரவு தங்க அழைக்கின்றன. 2018இல் ஏழு மலை விகாரைகள் உலக மரபுச் சின்னங்களாயின. தேசியப் பூங்காக் கட்டணம் 2007இல் நீக்கப்பட்ட பின்னும் விகாரையைப் பாராது மலைக்கு மட்டும் செல்வோரிடமும் வழியிலே கட்டணம் வாங்கப்பட்டமை நெடுங்காலப் பிணக்காயிருந்தது. 2023இல் பெரும்பாலான விகாரைகளில் அது அரசு மானியத்தோடு நிறுத்தப்பட்டது. ஆனால் ஜோங் சோல் பாடிய கும்காங் மலை வட கொரியாவிலுள்ளது. 1998இல் தெற்கத்தியருக்குத் திறந்த அவ்வழி, 2008இல் பிரயாணி ஒருத்தி சுடப்பட்டதோடு அடைபட்டது. 2025இல் அம்மலையும் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. உலகின் மரபு என்று அறிவிக்கப்பட்ட மலை, அதனைப் பாடிய மொழி பேசும் மக்களிற் பாதிப்பேருக்கு மேல் எட்டாததாயிருக்கின்றது!

அழகை எழுதாதே என்று பிரயாண எழுத்தாளனிடம் நாம் சொல்லவில்லை. பனி மூடிய கூரையும் அதிகாலை மரமீனின் தட்டொலியும் எழுதப்படவேண்டியவையே. கூரையை வேய்ந்தவனும், அதனை எரித்தவனும், எரியவிடாது தடுத்தவனும், அதே பக்கத்திலே வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை. கொரியப் பிரயாண இலக்கியம் பல்லக்கிலிருந்து இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. சுமந்தவர்களுடைய குரலில் அது பேசும் நாள் இன்னும் வரவில்லை.